அடுப்புக்குப் பக்கத்து மேசை

அன்றைக்கு மழை பிடிக்காமல் இருந்திருந்தால், நான் இன்றும் அந்தக் கடையில் பார்சல் வாங்கும் ஆளாகவே இருந்திருப்பேன்.

வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. இரண்டு வருஷமாக வாரத்துக்கு ஒருமுறை போய்க்கொண்டிருந்தேன். வாசலில் நின்றபடியே சொல்வது, பெட்டியை வாங்குவது, ஆறுவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டுமென்று வேகமாக நடப்பது. உள்ளே ஏழு மேசைகள் இருந்தன. அவற்றில் ஒன்றில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. பீட்சா என்றால் பெட்டியில் வருவது, வீட்டில் பிரித்து வைத்துக்கொண்டு டிவி பார்த்தபடி தின்பது. அப்படித்தான் பழகியிருந்தேன்.

அந்த மழை நாளில் மகளும் கூட வந்திருந்தாள். அப்போது அவளுக்கு மூன்று வயது. அடுப்பிலிருந்து எடுத்த பீட்சாவைப் பெட்டிக்குள் வைக்கப் போன மாஸ்டர், வெளியே ஒருமுறை பார்த்தார். மழை சரம் சரமாக இறங்கிக்கொண்டிருந்தது. பெட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு ஒரு தட்டை எடுத்தார்.

“தம்பி, இந்த மழையில குழந்தையைத் தூக்கிட்டு எங்க போவீங்க? உட்காருங்க. வச்ச உடனே சாப்பிட்டுடுங்க, பேச்செல்லாம் அப்புறம்.”

அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த சின்ன மேசைதான் காலியாக இருந்தது. உட்கார்ந்தோம். ஒரு துண்டைப் பிய்த்தேன். அதே கடை, அதே மார்கரீட்டா, நூறு தடவையாவது வாங்கியிருப்பேன். ஆனால் இதை நான் சாப்பிட்டதே இல்லை என்று முதல் கடியிலேயே தெரிந்துவிட்டது. விளிம்பு பல்லில் மெல்லிய சத்தத்தோடு உடைந்தது. உள்ளே பஞ்சாக, சூடாக, ஈரமாக இருந்தது. சீஸ் இன்னும் பால் வாசனையோடு தளதளத்தது. தக்காளியில் புளிப்பு தனியாக, இனிப்பு தனியாகத் தெரிந்தது. மகள் விளிம்பை மட்டும் சுற்றிச் சுற்றிப் பிய்த்துத் தின்றாள். நடுப்பாகம் முழுக்க எனக்கு வந்தது. இரண்டு வருஷமாக இந்தக் கடையின் பீட்சா எனக்குப் பிடிக்கும் என்று நினைத்திருந்தேன். எனக்குத் தெரிந்திருந்தது அதன் மிச்சம்தான்.

ஏன் அப்படி என்பதை அப்புறம் மெல்ல மெல்லத் தெரிந்துகொண்டேன். மாஸ்டரிடம் கேட்டது பாதி, நானே தேடிப் படித்தது பாதி. சூடான பீட்சா முழுக்க நீராவி. தக்காளியில் தண்ணீர், புதிதாகச் செய்த மொஸரெல்லா சீஸின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர், மாவிலும் தண்ணீர். திறந்த தட்டில் வைத்தால் அந்த ஆவி மேலே போய்விடும். பெட்டிக்குள் மூடினால் எங்கே போகும்? அட்டையில் கொஞ்சம் ஊறும், மிச்சம் திரும்ப ரொட்டிக்குள்ளேயே இறங்கும். மொறுமொறுப்பு அங்கேயே முடிந்தது. ஆற ஆற மாவிலுள்ள ஸ்டார்ச் இறுகத் தொடங்கும், சீஸும் கெட்டிப்படும். பத்து நிமிஷ நடையில் இவ்வளவும் நடந்துவிடுகிறது. எவ்வளவு வேகமாக நடந்தாலும் நடந்துவிடுகிறது.

பெட்டியின் குறைகளைத் தீர்க்க மனிதர்கள் அக்கறையோடு முயன்றிருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பீட்சாவின் நடுவில் குத்தி வைக்கும் மூன்று கால் பிளாஸ்டிக் முக்காலி ஒன்று உண்டு. பெட்டி மூடி தொய்ந்து சீஸில் ஒட்டாமல் இருக்க அதை வடிவமைத்தவர் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த கார்மெலா விட்டாலே. 1985இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஒருமுறை வேறொரு கடையில் வாங்கியபோது அந்த முக்காலி இல்லாமல், சீஸில் பாதி மூடியோடு போய்விட்டது. அன்றைக்குத்தான் அந்த அம்மாளின் அருமை தெரிந்தது. ஆனால் முக்காலி மூடியைத்தான் தாங்கும், ஆவியை என்ன செய்ய முடியும்?

மழை நாளுக்குப் பிறகு பார்சல் வாங்குவதை விட்டேன். அடுப்புக்குப் பக்கத்து மேசை எங்கள் மேசை ஆனது. மற்றவர்கள் அதில் உட்கார விரும்ப மாட்டார்கள். சூடு முகத்தில் அடிக்கும், சட்டையில் விறகு வாசனை ஏறும். எனக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. அங்கிருந்து எல்லாமே தெரியும்.

முதலில் மாவு. மைதா, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் என்று நாலே பொருள். எண்ணெய் கிடையாது, சர்க்கரை கிடையாது. பிறகு ருசி எங்கிருந்து வருகிறது என்று மாஸ்டரிடம் கேட்டேன். “நேரம்தான்” என்றார். முந்தின நாள் சாயங்காலம் பிசைந்ததுதான் இன்றைக்கு அடுப்புக்குப் போகும். அந்த 24 மணி நேரத்தில் மாவுக்குள் நிறைய நடக்கிறது. மாவிலேயே இருக்கும் நொதிகள் ஸ்டார்ச்சை உடைத்துச் சர்க்கரையாக்குகின்றன. ஈஸ்ட் அதைத் தின்று வாயுவை வெளிவிடுகிறது. கோதுமையிலுள்ள க்ளையடின், க்ளூட்டனின் என்ற இரண்டு புரதங்களும் தண்ணீர் பட்டுச் சேர்ந்து க்ளூட்டன் வலையாகி, அந்த வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. தின்றது போக மிஞ்சும் சர்க்கரைதான் அடுப்பில் விளிம்பைப் பொன்னிறமாக்குகிறது. அவசரப்பட்டு நிறைய ஈஸ்ட் போட்டு இரண்டு மணி நேரத்தில் பொங்க வைத்த மாவும் பார்க்க இப்படித்தான் இருக்கும். வாயில் வைத்தால் வெறும் ஈஸ்ட் வாசனை.

வெயில் நாளில் ஈஸ்டைக் குறைப்பார், குளிரில் கூட்டுவார். எடை போடுகிற தராசு இருக்கிறது. இருந்தாலும் உருண்டையை விரலால் அழுத்திப் பார்த்துத்தான் முடிவு செய்வார். குழி மெதுவாக மேலே வந்தால் சரி. சட்டென்று எகிறினால் இன்னும் நேரம் வேண்டும். வராமலே கிடந்தால் காலம் கடந்துவிட்டது.

நான் சலிக்காமல் பார்ப்பது அவர் மாவைத் தட்டுகிற விதம். பூரிக்கட்டை அந்தக் கடையில் கிடையாது. உருட்டினால் 24 மணி நேரம் சேர்த்த காற்று மொத்தமும் ஒரே நிமிஷத்தில் போய்விடும். விரல் நுனிகளால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக அழுத்துவார். காற்று விளிம்பை நோக்கி நகரும். விளிம்பை மட்டும் தொடவே மாட்டார். பிறகு இரண்டு கைகளுக்கும் மாற்றி மாற்றி வீசுவார். கால் கிலோ உருண்டை, எண்ணிப் பத்து நொடியில் தட்டகலம் ஆகிவிடும். விளிம்பு ஏன் உப்புகிறது, நடு ஏன் உப்பவில்லை என்பதற்கு அந்தப் பத்து நொடிதான் பதில். மகள் ஏன் விளிம்பை மட்டும் தின்றாள் என்பதற்கும்.

தக்காளி டின்னில் வந்ததுதான். முதலில் எனக்கு அது குறையாகப் பட்டது. புதுத் தக்காளி வாங்கி அரைக்கலாமே என்று கேட்டும்விட்டேன். அவர் ஒரு டின்னைத் திறந்து ஒரு பழத்தை எடுத்துக் கையில் கொடுத்தார். செடியிலேயே முழுசாகப் பழுத்தபிறகு பறித்து அடைத்த பழம். கடையில் நாம் வாங்கும் தக்காளி பெரும்பாலும் பயணத்தைத் தாங்குவதற்காகக் காயாகவே பறிக்கப்படுவது. அன்றோடு என் சந்தேகம் தீர்ந்தது. அவர் அதைக் கையால் மசித்து உப்பு மட்டும் போடுகிறார். வேக வைப்பதில்லை. அது வேகுவது அடுப்புக்குள் ஒரே ஒரு முறைதான், அதனால்தான் பழத்தின் வாசனை அப்படியே இருக்கிறது. மொஸரெல்லாவை மதியமே பிய்த்து வடிதட்டில் போட்டுவிடுவார். தண்ணீர் சொட்டிப் போகாவிட்டால் நடுவில் குளம் கட்டிவிடும். கடைசியாக பேசில் இலை. அதற்குத் தமிழில் திருநீற்றுப்பச்சிலை என்று இவ்வளவு அழகான பெயர் இருக்கும்போது மெனு அட்டையில் ஏன் போடுவதில்லை என்று எனக்கு இன்றும் ஏக்கம்தான்.

அப்புறம் அடுப்பு. செங்கல்லால் கட்டிய தாழ்ந்த குவிமாடம், வாய் சின்னது. ஒரு ஓரத்தில் விறகு எரியும், நெருப்பு மேற்கூரையைத் தொட்டுக்கொண்டு வளைந்து இந்தப் பக்கம் வரும். ஐரோப்பிய ஒன்றியம், இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்துப் பீட்சாவுக்கு 2010இல் ஒரு பாரம்பரிய உணவுத் தகுதியைக் கொடுத்தபோது அதன் விதிகளையும் எழுதி வைத்தது. அடுப்பு 485 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும், 60 முதல் 90 விநாடிக்குள் வெந்துவிட வேண்டும், அகலம் 35 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, விளிம்பு 1 முதல் 2 சென்டிமீட்டர் உயரம். படித்தபோது ஏதோ சட்டப் புத்தகம் மாதிரி இருந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும்போது ஒவ்வொரு எண்ணுக்கும் காரணம் தெரிகிறது. கீழே செங்கல் அடிப்பாகத்தைச் சுடுகிறது, மேலே குவிமாடம் வெப்பத்தைக் கொட்டுகிறது, நடுவில் சுழலும் சூடான காற்று விளிம்பை ஊத வைக்கிறது. மூன்றும் ஒரே நேரத்தில் முடிய வேண்டும். மெதுவாக வெந்தால் உள்ளே இருக்கும் ஈரம் முழுக்க வற்றி பிஸ்கட் ஆகிவிடும்.

இரும்புத் தட்டு வைத்த மின் அடுப்பில் ஏன் இது வருவதில்லை? இந்தக் கேள்வியை ஆந்த்ரே வர்லாமோவ், ஆந்த்ரெயாஸ் க்ளாட்ஸ் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் ஓர் உணவு மானிடவியலாளரோடு சேர்ந்து 2018இல் கணக்குப் போட்டே பார்த்தார்கள். செங்கல் வெப்பத்தை நிதானமாகக் கொடுக்கும், எஃகு சட்டென்று கொடுத்துவிடும். அதனால் 330 டிகிரி செங்கல் அடுப்பில் இரண்டு நிமிஷத்தில் நன்றாக வரும் பீட்சா, அதே சூட்டில் எஃகின் மேல் வைத்தால் மேற்பக்கம் வேகும் முன் அடி கருகிவிடும். எஃகுக்கு 230 டிகிரிக்கு இறங்கி, 170 விநாடி வைக்க வேண்டும் என்று அவர்கள் கணக்கு. அந்தக் கூடுதல் நேரத்தில் ஈரம் கூடுதலாகப் போய்விடுகிறது. வீட்டில் பலமுறை முயன்று தோற்றவன் நான். படித்தபோது மனசுக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்தது.

மாஸ்டர் இதையெல்லாம் எண்ணாகச் சொல்ல மாட்டார். நீளமான பிடி வைத்த துடுப்பால் உள்ளே தள்ளுவார், மனசுக்குள் எண்ணுவார், சின்னத் துடுப்பால் திருப்புவார். கடைசி மூன்று நான்கு விநாடி துடுப்போடு தூக்கிக் குவிமாடத்துக்குப் பக்கத்தில் காட்டுவார். அடி போதும், மேலே இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றால் அப்படி. விளிம்பில் சிறுத்தையின் புள்ளிகள் போலக் கருப்பு விழும். சாயங்காலம் முதலில் போடுவதை யாருக்கும் கொடுக்க மாட்டார். அது செங்கல்லின் நிலைமையைச் சொல்வதற்காகப் போடுவது. அதைக் கடைப் பையன்களும் அவருமாகப் பிய்த்துத் தின்றுவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்கள்.

2017 டிசம்பரில் தென்கொரியாவின் ஜெஜுவில் கூடிய யுனெஸ்கோ குழு, நேப்பிள்ஸ் பீட்சா செய்பவர்களின் கலையை மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் ஏறியது பீட்சா இல்லை, ‘பீட்சாயோலோ’ என்று அங்கே அழைக்கப்படுபவரின் கலை. அது எவ்வளவு சரியான முடிவு என்று அடுப்பு மேசையில் உட்காரும் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன்.

மெனுவில் முப்பது வகை இருக்கிறது. நான் இரண்டே வகைதான் சாப்பிடுவேன், மார்கரீட்டா, மரினாரா. ஒரு கடை எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டுமானால் மார்கரீட்டாவைத்தான் கேட்க வேண்டும். தக்காளி, சீஸ், இலை, எண்ணெய். ஒளிந்துகொள்ள அதில் இடமே கிடையாது. மரினாராவில் சீஸும் இல்லை. தக்காளி, பூண்டு, ஓரிகானோ, ஆலிவ் எண்ணெய், அவ்வளவுதான். நேப்பிள்ஸில் 1870இல் தொடங்கிய தா மிக்கேலே கடையில் காலங்காலமாக இந்த இரண்டையும் சுற்றியே வியாபாரம் நடந்திருக்கிறது. இரண்டு போதும் என்கிறவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

மார்கரீட்டாவுக்கு ஒரு அரண்மனைக் கதை உண்டு. 1889இல் இத்தாலி அரசி மார்கரீட்டா நேப்பிள்ஸுக்கு வந்தபோது ரஃபாயேலே எஸ்பொசிட்டோ என்பவர் மூன்று வகை செய்து அனுப்பினாராம். சிவப்பு, வெள்ளை, பச்சை என்று கொடியின் நிறத்தில் இருந்தது அரசிக்குப் பிடித்துப்போய், அவர் பெயரே வந்துவிட்டதாம். அரண்மனையிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் பாராட்டுக் கடிதமே போலி என்று வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு. எனக்கு அந்தக் கதையைவிட நேப்பிள்ஸ் தெருவின் கதைதான் பிடிக்கும். அங்கே பீட்சா ஏழைகளின் சாப்பாடு. தலையில் தகர அடுப்பைச் சுமந்து விற்றார்கள். நாலாக மடித்துக் கையில் வைத்து நடந்துகொண்டே தின்றார்கள். கையில் காசில்லாதவர்களுக்கு ‘இன்று தின்று எட்டு நாளில் கொடு’ என்று ஒரு கடன் வழக்கமே இருந்தது. அந்த எட்டு நாளுக்குள் செத்துப்போனவருக்கு அதுதான் கடைசி ஓசிச் சாப்பாடு என்று ஊரில் பேசிக்கொள்வார்களாம்.

இதைப் படித்தபோது எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. ஒருமுறை வேலை போய், நான்கு மாதம் வீட்டில் இருந்தேன். வெளியில் சாப்பிடுவதை நிறுத்திவிட்டோம். மூன்றாவது மாதம் ஒருநாள் கடை வழியாகப் போனபோது மாஸ்டர் வாசலில் நின்றிருந்தார்.

“என்ன தம்பி, ஆளையே காணோம்? பாப்பா நல்லா இருக்காளா?”

சொன்னேன். வேறெதுவும் பேசவில்லை அவர். “நாளைக்கு மூணு பேரும் வாங்க. வேலை கிடைச்சதும் கணக்குப் பார்த்துக்கலாம்” என்றார். போகக் கூடாது என்றுதான் நினைத்தேன். மனைவிதான், கூப்பிட்டவர் மனசு நோகும் என்றாள். போனோம். அன்றைய பீட்சாவின் ருசி எனக்கு ஞாபகமே இல்லை. அடுப்பின் சூடு முதுகில் பட்டுக்கொண்டே இருந்தது ஞாபகம் இருக்கிறது. வேலை கிடைத்தபிறகு கொடுத்துவிட்டேன். எண்ணிப் பார்க்காமல் கல்லாவில் போட்டுக்கொண்டார்.

2020இல் மேசைகள் எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டார்கள். பார்சல் மட்டும்தான். பழையபடி வாசலில் நின்று பெட்டியை வாங்கினேன். ஒவ்வொரு முறையும் மாஸ்டர் முகக்கவசத்துக்குள்ளிருந்து ஒரே விஷயத்தைச் சொல்வார்: “அப்படியே சாப்பிட்டுடாதீங்க. கனமான வாணலியைக் காய வச்சு, எண்ணெய் இல்லாம, சின்னத் தீயில ரெண்டு நிமிஷம். ஓரத்துல ரெண்டு சொட்டுத் தண்ணி விட்டு மூடுங்க.” அடி மொறுமொறுப்பாகும், ஆவியில் சீஸ் இளகும். நன்றாகவே வந்தது. அவர் அதைச் சொல்லும்போது இருந்த வருத்தத்தைத்தான் மறக்க முடியவில்லை. தான் செய்ததைச் சாப்பிடுகிறவர் முகத்தை அவர் பல மாதங்களாகப் பார்க்கவில்லை.

மேசைகளை மறுபடி இறக்கிப் போட்ட முதல் வாரத்திலேயே போனோம். ஏழில் நான்குதான் போட்டிருந்தார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் ஒன்று இருந்தது. கேட்காமலே காட்டினார். மகள் துடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டு வந்ததும் வழக்கம்போல விளிம்பைப் பிய்த்து, பாதியை என் தட்டில் வைத்தாள். ஒரு மனுஷியாக வளர்ந்துவிட்டாள் என்று எனக்கு அப்போது பட்டது.

இப்போது அவளுக்குப் பன்னிரண்டு. போன வாரம் கடை மூடும் நேரம் வரை உட்கார்ந்திருந்தோம். கடைசி ஆட்கள் நாங்கள்தான். விறகு எரிந்து முடிந்திருந்தது. மாஸ்டர் தணலை ஓரமாக ஒதுக்கி, சாம்பலைத் துடைத்தார். குவிமாடம் உடனே ஆறாது, மறுநாள் காலையில் கை வைத்தாலும் சுடும். மிஞ்சிய நாலு உருண்டைகளை ஒன்றாகச் சேர்த்து, மேலே கத்தியால் ஒரு கீறல் போட்டு, இறங்குகிற சூட்டில் உள்ளே வைத்தார். கதவைச் சாத்தினார். நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். பையன்கள் தரையைக் கழுவினார்கள்.

முக்கால் மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்தபோது பழுப்பாக ஒரு ரொட்டி உட்கார்ந்திருந்தது. துணியில் சுற்றி மகளிடம் கொடுத்தார்.

“இதை மட்டும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாம். சூட்டோட வெட்டிடாத பாப்பா, ஆறினாத்தான் இது நல்லா இருக்கும்.”

வழி முழுக்க அதை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள். மெதுவாகவே நடந்தோம்.